சிரிலின் கடைசி லத்தீன்

அப்பாவின் வலது காலில் சாக்ஸ் ஏற மறுத்தது. இடது காலுக்குச் சுலபமாகப் போய்விட்டது. வலது கால் பக்கவாதத்துக்குப் பிறகு வீங்கியே கிடந்ததால், சாக்ஸ் குதிகால்வரை வந்து நின்றுகொண்டது. எவலின் சவப்பெட்டியின் கால்மாட்டில் குனிந்து, இரண்டு கட்டைவிரல்களையும் உள்ளே விட்டு விரித்து இழுத்தாள். நேற்று மாலை உடலைப் பதப்படுத்தி வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் கோட்டு, டை, ஷூ எல்லாம் போட்டுவிட்டு சாக்ஸை மட்டும் மறந்திருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அம்மா கவனித்துவிட்டாள்.

"இத்தன வருஷம் சர்ச்சுக்குள்ள காலடி வைக்காத மனுஷன். போறப்பவாச்சும் ஒழுங்கா போகட்டும்," என்று காலையில் ஒரு புது ஜோடியை நீட்டியிருந்தாள்.

"எவலின், அந்த லத்தீன் ஜெபத்த மட்டும் டைப் பண்ணி எனக்கு அனுப்பிடும்மா." வாசல் கூடாரத்திலிருந்து திருச்செல்வம் அங்கிள் தலையை நீட்டினார். கிள்ளான் நகரில் அந்த வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு யார் வீட்டில் சாவென்றாலும் ஜெபம் நடத்துவது அவர்தான். "பாட்டுத்தாள் ரெடி. பின்பக்கம் எடம் விட்டு வச்சிருக்கேன். பெட்டிய மூடறதுக்கு முன்னால எல்லாரும் சேந்து அத சொல்லணும்னு எனக்கு ஆச. அது எந்த ஜெபம், சொல்லு? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், புடிபடல."

"அனுப்பறேன் அங்கிள்."

"உங்கப்பா குடுத்து வச்சவரு. கடைசி மூச்சுல லத்தீன்ல ஜெபம் சொல்லிட்டுப் போயிருக்காரு. ஃபாதர்மாருக்கே கெடைக்காத சாவு."

அவர் சொன்னது நேற்றே ஊர் முழுக்கப் போய்விட்டது. வட்டார வாட்ஸ்அப் குழுவில், மெழுகுவர்த்திப் படத்துக்குக் கீழே, 'சகோதரர் சிரில் லத்தீன் ஜெபத்தைச் சொல்லியபடி இறைவனில் துயில் கொண்டார்' என்று போட்டிருந்தார். அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் அம்மாவின் கையைப் பிடித்து, அவளுடைய நவநாள் வீண்போகவில்லை என்றார்கள். புருஷன் பூசைக்குத் திரும்பவேண்டும் என்று அவள் ஒவ்வொரு புதன்கிழமையும் நவநாள் ஜெபம் செய்தது எல்லோருக்கும் தெரியும்.

அப்பா கடைசியாகச் சொன்னது ஜெபம் இல்லை. அது கிறிஸ்து பிறப்பதற்கும் முன்னால் ரோமாபுரியில் திராட்சரசம் குடித்துக்கொண்டு கவிதை எழுதிய ஒரு புலவருடைய வரி. அந்த வீட்டில் அது எவலின் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அப்பா பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்தவர், ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளை. சின்ன வயதில் பூசைக்கு உதவும் பையனாக இருந்தார். அந்தக் காலத்துப் பூசை முழுக்க லத்தீன். ஒரு வார்த்தைக்கும் பொருள் தெரியாமல், ஒரு எழுத்தும் பிசகாமல் பதில் சொல்வாராம். பிறகு பூசை தமிழுக்கு வந்துவிட்டது. வாயில் இருந்த லத்தீன் சும்மா கிடந்தது. ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்த பிறகு, பழைய புத்தகக் கடை ஒன்றில் அந்தப் புலவருடைய புகழ்பெற்ற வாசகங்களும் ஆங்கிலத்தில் அவற்றின் பொருளும் அடங்கிய ஒரு மெல்லிய புத்தகம் கிடைத்தது. பொருள் தெரிந்து லத்தீன் பேசுவது இவ்வளவு சுகமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்பார்.

அதிலிருந்து வீட்டில் எதற்கெடுத்தாலும் அந்தப் புலவர்தான். பீர் போத்தலைத் திறக்கும்போது, இதோ குடிக்கவேண்டிய நேரம் வந்தது என்று ஒரு வரி. எவலின் வீட்டுப்பாடத்தை நாளைக்குத் தள்ளிப்போட்டால், நாளையை நம்பாதே, இன்றைக்கு இருக்கும் நாளைக் காய் பறிக்கிற மாதிரி பறித்துக்கொள் என்று ஒரு வரி. சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்து குளிக்கப் போகும்போது, நாமெல்லாம் தூசியும் நிழலும்தான் என்று ஒன்று. குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால்கூட, நடுவழியே பொன்வழி என்று தட்டைத் தள்ளிவைப்பார். உப்புக்கெல்லாமா ரோமாபுரியை இழுப்பார்கள் என்று தோன்றும். ஆனால் அவர் விளையாட்டாகத்தான் சொல்கிறாரா என்பதும் சரியாகத் தெரியாது.

அம்மாவுக்கு அது பிடிக்காது. அவளைப் பொறுத்தவரை லத்தீன் ஆண்டவருடைய மொழி. அதைப் பீர் போத்தலோடு சேர்த்துப் பேசுவது பாவம். அப்பா ஓய்வுபெற்று, கிள்ளானுக்கு வீடு மாறி, பூசைக்குப் போவதையும் நிறுத்திவிட்ட பிறகு அவளுக்கு அது கேலியாகவே பட்டது. ஏன் வரவில்லை என்று கேட்டால் அதற்கும் ஒரு லத்தீன் வரிதான் பதில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளைக் காரில் கொண்டுபோய் சர்ச் வாசலில் இறக்கிவிடுவார். எதிரே தமிழ் முஸ்லிம்காரர் நடத்தும் மாமாக் கடையில் தேத்தண்ணியும் பேப்பருமாக உட்கார்ந்திருப்பார். பூசை முடிந்ததும் ஏற்றிக்கொண்டு வருவார். வழியெல்லாம் இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் அவர் லத்தீனில் வாயைத் திறந்தால் அம்மா எழுந்து போய் மிக்சியைப் போட்டுவிடுவாள். ஒரு வரிக்கும் அவள் பொருள் கேட்டதில்லை.

எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தபோது அப்பாவுக்குத் தமிழ் போயிற்று, ஆங்கிலம் போயிற்று, மலாயும் போயிற்று. எவலின் பெயரைக் கூப்பிடக்கூட வாய் வரவில்லை. ஆனால் மனப்பாடம் செய்த லத்தீன் வரிகள் மட்டும் அப்படியே இருந்தன. சிலருக்குப் பாட்டும் ஜெபமும் தங்கிவிடும் என்றார் டாக்டர். அப்பாவுக்குப் புலவர் தங்கிவிட்டார்.

எவலின் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள். தண்ணீர் வேண்டுமென்றால் அப்பா குடிக்கிற வரியைச் சொல்வார். கஞ்சி போதுமென்றால் பொன்வழி. ஒருநாள் திருச்செல்வம் அங்கிள் முகத்தை நீளமாக வைத்துக்கொண்டு பார்க்க வந்தபோது, அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தூசியும் நிழலும் என்றார். அங்கிள் கண்ணை மூடி, "ஆமென்" என்றார். அம்மாவும் "ஆமென்" என்றாள். எவலின் சமையல்கட்டுக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கே அது ஜெபம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மா அப்படிச் சந்தோஷமாக இருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

நேற்றுக் காலை எவலின் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கூடத்து ஜன்னலுக்கும் சமையல்கட்டு வாசலுக்கும் நடுவில் உள்ள மூலையில், அம்மா சின்ன முக்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் அம்மா ஒரு மூலையைப் பிடித்துக்கொள்வாள். பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம். இங்கே இது. அப்பா கரண்டியை நாக்கால் தள்ளிவிட்டு, எவலினின் தோளுக்கு அப்பால் பார்த்தார். பிறகு அந்த வரியைச் சொன்னார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அவர் வாயில் வராத வரி. ஒரு சொல்லும் குழறவில்லை. அம்மா தலையைத் தூக்கிப் பார்த்து, நெத்திலி வாசம் பிடித்த கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பா கண்ணை மூடினார். பதினோரு மணிவாக்கில் மூச்சு நின்றிருந்தது.

சாக்ஸ் ஒருவழியாக ஏறியது. எவலின் ஷூவை மாட்டி நாடாவைக் கட்டினாள். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் பின்பக்கம் போனாள்.

தம்பி ஷான் துணி காயப்போடும் இடத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். சிங்கப்பூரிலிருந்து இரவோடு இரவாகக் கார் ஓட்டி வந்தவன், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அப்பா சொன்னது ஜெபம் இல்லை, புலவரின் வரி என்று எவலின் அவனிடம் சொன்னாள்.

"மம்மிக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"அப்ப விடு லா." புகையை வேலிப்பக்கம் ஊதினான். "ஸ்ட்ரோக் பேஷண்ட் அக்கா அவரு. என்ன வருதோ அது வரும். அவருக்கே அர்த்தம் தெரிஞ்சிருக்காது."

"தெரியும் ஷான். தண்ணி வேணும்னா தண்ணி வரிதான் சொல்லுவாரு. ஒரு நாளும் மாத்திச் சொன்னதில்ல. இத எட்டு மாசமா சொல்லவே இல்ல."

"ஓகே, தெரியும்னே வச்சுக்கோ. இப்ப போயி மம்மிகிட்ட, நீங்க இத்தன வருஷம் முட்டி தேய ஜெபம் பண்ணீங்க, அவரு கடைசில எவனோ ஒரு கவிஞன் எழுதினத சொல்லிட்டுப் போயிட்டாருன்னு சொல்லப்போறியா? கொல பண்ற மாதிரி அக்கா அது." அவன் போனை எடுத்துத் தட்டினான். "இந்தா, கர்த்தர் கற்பித்த ஜெபம் லத்தீன்ல அப்படியே இருக்கு. இத அங்கிளுக்கு அனுப்பிவிடு. முடிஞ்சது கதை."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. எவலின் அதை நகலெடுத்து அங்கிளின் எண்ணுக்குக் கீழே ஒட்டினாள். அனுப்ப விரல் வைத்தாள். அப்போது பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் ஒரு சாயங்காலம் நினைவுக்கு வந்தது. அவளுக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயதிருக்கும். அம்மா தொட்டிப்பக்கம் உட்கார்ந்து ஏதோ ஆய்ந்துகொண்டு, ரேடியோவுக்கு இணையாகத் தப்புத்தப்பாகப் பாடிக்கொண்டிருந்தாள். ஈசிச்சேரில் சாய்ந்திருந்த அப்பா அந்த வரியைச் சொன்னார். எவலின் பொருள் கேட்டாள். அந்தப் புலவருக்கு ரொம்பப் பிடித்த ஓர் இடம் இருந்ததாம், சாகும்போதும் அங்கேதான் இருக்கவேண்டுமென்று ஆசைப்பட்டாராம். உலகத்தில் எத்தனையோ மூலை உண்டு, எல்லாவற்றையும்விட அந்த ஒரு மூலைதான் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று எழுதினாராம்.

"எனக்கு அதோ," என்று தாடையால் அம்மாவைக் காட்டினார். "அவகிட்ட சொல்லிடாத. அப்புறம் புடிக்க முடியாது."

எவலின் சொல்லவில்லை. அவர்கள் சண்டை முற்றிப்போய், காரில் பேசாமல் வந்துகொண்டிருந்த வருஷங்களில்கூடச் சொல்லவில்லை. அது அப்பா சொல்லவேண்டியது என்று நினைத்திருந்தாள்.

"எவலின்." உள்ளேயிருந்து அம்மாவின் குரல். "சேலைக்குப் பின் குத்தி விடு."

எவலின் ஜெபத்தை அனுப்பாமலேயே போனைப் பைக்குள் போட்டாள்.

படுக்கையறையில் அம்மா வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றாள். நேற்றிலிருந்து அவள் அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாயிற்றா, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மாக்சிக், அனுப்பிய சிராப் சர்பத் பாத்திரத்தைக் கழுவி வைத்தாயிற்றா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். எவலின் மடிப்பைச் சரிசெய்து தோளில் பின்னைக் குத்தினாள்.

"கதவ சாத்து."

சாத்தினாள்.

"நான் ராத்திரி முழுக்கப் பாத்தேன்," என்றாள் அம்மா. "சின்னப் புள்ளைல கேட்ட பூச, முழுசும் எனக்கு மனசுல இருக்கு. ஆரம்பத்துலேருந்து கடைசிவரைக்கும் மனசுக்குள்ளயே ஓட்டிப் பாத்தேன். மாதா பிரார்த்தன, மரிச்சவங்க பாட்டு, எல்லாத்தையும் பாத்தேன். அவரு சொன்னது எதுலயும் இல்ல."

எவலின் கையில் இன்னொரு பின் இருந்தது.

"உனக்குத்தான் அவரு எல்லாத்துக்கும் அர்த்தம் சொல்லுவாரு. அது ஜெபமா, இல்லையா? எங்கிட்ட பொய் சொல்லாத. பெட்டிய மூடறதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

ஆமாம் என்று சொன்னால் போதும். ஒரே சொல். கூடாரத்தில் இருக்கும் அத்தனை பேரும் அதைத்தான் நம்புகிறார்கள். அம்மா வாழ்நாள் முழுக்க அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடலாம். ஆனால் ஆமாம் என்று சொன்னால், அப்பா சொன்னது யாருக்குச் சொன்னாரோ அவளுக்குப் போய்ச் சேராமல் பெட்டிக்குள் போய்விடும்.

"இல்ல மம்மி."

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். குத்திய மடிப்பு கலைந்தது.

"அந்தப் புலவனா?"

"ஆமா."

"கடைசி நேரத்துலயுமா?" அவள் குரல் உடைந்தது. "ஆண்டவர் பேரு வரலயா? ஒரு சேசுவே மரியேகூட வரலயா அந்த வாயில?"

அப்போதுதான் அழுதாள். சத்தமே வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. எவலின் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே பொருளைச் சொன்னாள். புலவரின் மூலையைச் சொன்னாள். பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தச் சாயங்காலத்தைச் சொன்னாள், தாடையால் காட்டியதைச் சொன்னாள். நேற்றுக் காலையில் அவர் தன் தோளுக்கு மேலாக எங்கே பார்த்துக்கொண்டு அதைச் சொன்னார் என்பதையும் சொன்னாள்.

அம்மா முகம் இளகும் என்று எதிர்பார்த்தாள். அது நடக்கவில்லை.

"நான் கேட்டது அது இல்லடி," என்றாள் அம்மா. "என்னப் பாத்து என்ன ஆகப்போவுது? நானா அவர மோட்சத்துக்குக் கூட்டிட்டுப் போவேன்? அவரு ஆண்டவரப் பாத்திருக்கணும். அதுக்குத்தான் அத்தன புதன்கெழம போனேன்."

ஷான் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று எவலினுக்குப் பட்டது. இருந்த ஒரே ஆறுதலையும் பிடுங்கியாயிற்று, அதற்குப் பதிலாகக் கொடுத்ததும் அவளுக்கு வேண்டாததாகப் போயிற்று.

வெளியே மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து குளியலறைக்குப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்து மடிப்பை அவளே சரிசெய்துகொண்டாள். எவலினைப் பார்க்காமல் கதவைத் திறந்தாள்.

கூடத்தில் சுவர் ஓரம் வரைக்கும் ஆட்கள் நின்றிருந்தார்கள். கூடாரத்திலிருந்தவர்களும் நாற்காலியை விட்டு எழுந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள். எல்லோர் கையிலும் பாட்டுத்தாள். முன்பக்கம் அப்பாவின் ரயில்வே காலத்துப் படம். பின்பக்கம் கால்வாசி வெள்ளையாக இருந்தது.

"நீ அனுப்பவே இல்லயேம்மா," திருச்செல்வம் அங்கிள் எவலின் காதருகே சொன்னார். "பரவால்ல. நீ மைக்ல கொஞ்சம் கொஞ்சமா சொல்லு, நாங்க திருப்பிச் சொல்றோம்."

அவர் பெட்டியைப் பார்த்துத் திரும்பி, குரலைச் சரிசெய்துகொண்டார். நம் சகோதரர் சிரில் திருச்சபையின் பழம்பெரும் மொழியில் ஜெபித்தபடி கண்மூடிய பாக்கியத்தைப் பற்றிப் பேசினார். அவர் மனைவி எவ்வளவு காத்திருந்தாள் என்று பேசினார். இரண்டு மூன்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு மைக்கை எவலினிடம் நீட்டினார். பெட்டி மூட வந்த இரண்டு ஆட்கள் மூடியைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்கள்.

எவலின் மைக்கை வாங்கினாள். எதிரே ஷான் அவளைப் பார்த்து, சொல்லிவிடு என்று கண்ணால் காட்டினான். அந்த வரி நாக்கு நுனியில் இருந்தது. ஐம்பது அறுபது பேர் கைகூப்பிக்கொண்டு, அப்பா தாடையால் அம்மாவைக் காட்டிச் சொன்னதை, பொருள் தெரியாமல் அவளோடு சேர்ந்து சொல்லக் காத்திருந்தார்கள். அப்பா சின்னப் பையனாகப் பூசையில் நின்று சொன்னதும் அப்படித்தான்.

அம்மா கையை நீட்டி மைக்கை அவளிடமிருந்து வாங்கினாள். பேசுவதற்காக இல்லை. அதன் சுவிட்சை அணைத்துப் பக்கத்திலிருந்த ஸ்டூலின்மேல் வைத்தாள்.

"வேணாண்ணே," என்றாள் சாதாரணக் குரலில். "அது ஜெபம் இல்ல."

அங்கிள் புரியாமல் பார்த்தார். "தங்கச்சி, நீங்கதானே நேத்து..."

"நான்தான் சொன்னேன். எனக்குத் தெரியாம சொல்லிட்டேன்." அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அது எனக்குச் சொன்னது. என்னா சொன்னாருங்கறத நான் ஊருக்கெல்லாம் சொல்லமாட்டேன். நீங்க தமிழ்லயே ஜெபம் சொல்லுங்க. அவருக்கு அதுதான் வேணும் இப்ப. நல்லா சத்தமா சொல்லுங்க."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. மின்விசிறி பாட்டுத்தாள்களைப் படபடக்க வைத்துக்கொண்டிருந்தது. திருச்செல்வம் அங்கிளின் காது நுனி சிவந்துவிட்டது. ஆனாலும் மனிதர் கெட்டிக்காரர், எத்தனையோ சாவு வீடுகளைப் பார்த்தவர். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தமிழில் தொடங்கினார். கூடம் மொத்தமும் நிம்மதியாக அதைப் பிடித்துக்கொண்டது. வாசலில் நின்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஷானும் வாயசைத்தான்.

அம்மா சொல்லவில்லை. எந்த ஜெபத்துக்கும் ஒரு பதிலைக்கூட விடாதவள், பெட்டியின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தாள். அப்பாவின் காதுப் பக்கம் வாயை வைத்து ஏதோ சொல்லத் தொடங்கினாள். ஒரு வார்த்தையில் முடிகிறதாக இல்லை. ஜெபம் முடிந்து, அருள்நிறை மரியே தொடங்கி, அதுவும் முடிந்தது. பெட்டி மூட வந்தவர்கள் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்கள். அம்மா நிமிரவில்லை.

அங்கிள் அடுத்த ஜெபத்தைத் தொடங்கினார். பெட்டிக்கு மிக அருகில் நின்றிருந்த எவலின், அம்மா சொல்வது தன் காதில் விழுந்துவிடக் கூடாதென்று ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள்.